‘தூரமா?’ என்று மட்டும் கேட்டோம்

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணிக்கு நல்ல குரல். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கரகரத்த குரலாக இருந்திருந்தால் ஒருவரும் நின்று கேட்டிருக்க மாட்டார்கள். போன பேரில் சிலராவது மிஞ்சியிருப்பார்கள். அவர் வாயைத் திறந்தால், வேலைக்குப் போக வாளியைத் தூக்கியவன்கூடக் கீழே வைத்துவிட்டு நிற்பான். நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மந்தின் என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே, மலையடியில் இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஒரே இரவில் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்த கிராணிதான் எல்லாமே. ரப்பர் வாங்க ஆள் இல்லை. பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்குக் கஞ்சி. பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள்: “இன்னும் கொஞ்ச நாள் இதத் தின்னா வயித்துக்குள்ளயே வேர் வுட்டுரும்டி. அப்புறம் நம்மளப் புடுங்கித்தான் வேகவைக்கணும்.” கட்டத் துணி இல்லாமல் சாக்கைப் பிரித்து உடுத்தியபோதும் அவள்தான் சொன்னாள்: “நல்லதா போச்சு. கொசு கடிக்க வந்தா அதுக்குத்தான் பல்லு போவும்.” அவள் ஒரு எழுத்தும் படித்தவள் இல்லை. ஆனால் அவள் ஒன்று சொன்னால் அந்தச் சாக்கின் சொரசொரப்பு கேட்பவர் உடம்பிலும் உறைக்கும். அவள் சொன்னதையெல்லாம் புடவை முந்தியில் முடிந்து வைத்ததுபோல் இத்தனை காலம் வைத்திருக்கிறேன்.

விடிகாலையில் ஆபீஸ் முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதைப் பெரட்டு என்போம். துரை காலத்தில் பேர் கூப்பிட்டதும் கலைந்துவிடுவோம். கிராணி காலத்தில் முதலில் ஜப்பான் ராஜாவுக்கு வணக்கமாகச் சூரியன் வரும் பக்கம் பார்த்துக் குனிய வேண்டும். பிறகு அவர் பேசுவார். சிரம்பானில் ஜப்பான்காரர்கள் கூட்டிய கூட்டங்களுக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு மேடைப்பேச்சு தொற்றிக்கொண்டது. ஆபீஸ் படிதான் மேடை. அடுத்த வாரம் கிழங்குப் பங்கு குறையப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தால், “தியாகம் என்னும் தீபத்தில் நாமும் ஒரு துளி நெய்யாவோம்” என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுவாரம் பங்கு வாங்கப் போகும்போதுதான் அந்த நெய் எங்கிருந்து வழித்தெடுக்கப்பட்டது என்று தெரியும்.

“அவரு வாயி வெத்தலப் பெட்டி மாரி. எல்லாம் இருக்கும், பாக்கு மட்டும் இருக்காது,” என்று அக்கா முணுமுணுப்பாள்.

ஒரு நாள் பெரட்டில் கிராணி வழக்கத்தைவிட வெள்ளையான சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். “தோழர்களே! வடபுலத்தில் ஒரு மாபெரும் பணி நம்மை அழைக்கிறது. ஆசியத் தாயின் புதல்வர்களே, உதயசூரியனின் ஒளியிலே தோளோடு தோள் சேர்ப்போம்! புதியதோர் பாதை சமைப்போம்!” என்று ஆரம்பித்து வெயில் ஏறும் வரை பேசினார். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் நம்மைப்போலப் பேசினார். “மூணு வேளையும் அரிசிச் சோறு உண்டு.” இதை இரண்டு தடவை சொன்னார். மீன் பிடிக்கிறவன் தூண்டிலையும் நரம்பையும் தண்ணீருக்குள் மறைத்துவிட்டுப் புழுவை மட்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி குத்துவான் அல்லவா, அந்த வேலை.

முதலில் கைதட்டியது என் கொழுந்தன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவன். நான் கல்யாணம் ஆகி வந்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. அடுப்படிச் சுவரில் படிந்திருந்த கரியில் குச்சியால் கீறி ஆனா ஆவன்னா காட்டினவன் அவன்தான். அதற்கப்புறம் தீப்பெட்டி, மண்ணெண்ணெய் டின், கடையில் மடித்துக் கொடுத்த காகிதம் என்று நானே தேடித் தேடிப் படித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கரிச்சுவர் இல்லாவிட்டால் இதை எழுதுகிற கை ஏது? அவனுக்குத் தமிழ் என்றால் பைத்தியம். கிராணியின் பேச்சை அப்படியே மனப்பாடம் செய்து, விறகு பிளக்கும்போது முழங்குவான்.

“அண்ணி, ‘பாத போடுவோம்’னு சொல்லாம ‘பாதை சமைப்போம்’னாரு பாத்தீங்களா! என்னா தமிழு!”

“சமைக்கிறதெல்லாம் சரி தம்பி, உலை எங்க வைக்கிறாங்களாம்?”

“உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான் போங்க.”

அவனும் என் வீட்டுக்காரரும் பேர் கொடுத்துவிட்டார்கள். அரிசிச் சோற்றுக்காக அண்ணன், தமிழுக்காகத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஏங்க, எந்த ஊராம்?”

“வடக்க.”

“வடக்கன்னா? கோலாலம்பூரா, ஈப்போவா?”

“கிராணிதான் சொன்னாருல்ல.”

“என்ன சொன்னாரு?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “நல்லாத்தான் சொன்னாரு,” என்றார்.

இதை நினைத்து அப்போது சிரித்தேன். இப்போது எழுதும்போது கசக்கிறது. அத்தனை பேர் வெயிலில் நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர் மனதிலும் ஒரு ஊர்ப்பேர்கூட ஒட்டவில்லை. கேட்டது நன்றாக இருந்தது என்பது மட்டும் ஒட்டியிருந்தது.

மறுநாள் யாராவது போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெளியே புறப்படுகிறவனை “எங்கே போறே?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் விளங்காது, திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கேட்டே ஆக வேண்டுமென்றால் “தூரமா?” என்பார்கள். அவனும் “கொஞ்சம் தூரந்தான்” என்பான். கேட்டவனுக்கும் மரியாதை, சொன்னவனுக்கும் மரியாதை, விஷயம் மட்டும் நடுவில் அனாதையாக நிற்கும். கள்ளுக்கடைக்குப் போகிறவனுக்கு இது சரி. அந்த வாரம் முழுக்க நாங்கள் குடியிருந்த லயத்தில் வரிசையாக வீட்டுக்கு வீடு பயண மூட்டை கட்டினார்கள், வீட்டுக்கு வீடு “தூரமா?” என்று கேட்டார்கள், “தூரந்தான் போல” என்று பதில் சொன்னார்கள். அந்தக் கிராணிக்கு எங்கள் பழக்கம் நன்றாகத் தெரியும். எங்களில் ஒருவர்தானே. எங்கே என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்த ஊர்ப்பேரை அவர் வாயில் அடக்கி வைத்துக்கொண்டார்.

லோரி வந்த காலையில் கோயில் முன்னால் எல்லாரும் கூடினோம். முன் சீட்டில் ஒரு ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியை முழங்காலில் சாய்த்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். ஓட்டி வந்தவர் வயதான மலாய்க்காரர். கிராணி கையில் ஒரு ரோஜா வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூசாரி ஆளுக்கு ஆள் விபூதி பூசினார். என் மாமியார் இரண்டு மகன்களுக்கும் தலையைச் சுற்றிக் கற்பூரம் காட்டினார். ஆண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கீழே நின்ற பெண்கள் கிராணியைக் கேட்டார்கள்.

“தூரமாங்க ஐயா?”

கிராணி சிரித்தார். “அன்பு உள்ளங்களுக்குத் தூரம் ஏது தாயே!”

நான் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தேன். அழுகல் சாமானை ஜிகினாத் தாளில் சுற்றி நீட்டினால் மூக்குக்குத் தெரியாமலா போகும்?

“ஐயா, எங்க போறாங்க?” என்றேன்.

மாமியார் கையைக் கொண்டுவந்து என் வாயில் பட்டென்று அடித்தார். “சனியனே! போறப்ப கேக்குற கேள்வியாடி இது?”

கிராணி கையை உயர்த்தி அவரை அமர்த்தினார். “விடுங்க. பெண்ணே, கடமை அழைக்கும் இடத்துக்குப் போகிறார்கள்.”

“அது எந்த ஸ்டேசன் ஐயா?”

லோரிமேல் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கிராணியின் முகம் சிவந்தது. “ஆண்கள் பேசுற இடத்துல உனக்கு என்ன வேலை? வரலாறு எழுதப்படும்போது...” என்று தொடங்கினார். நான் அவரை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனேன். சந்தையில் பழகிய மலாய்தான் எனக்குத் தெரியும்.

“பாங், பெர்கி மானா?” அண்ணே, எங்கே போகிறது?

அவர் பக்கத்தில் தூங்கும் சிப்பாயை ஒரு பார்வை பார்த்தார். என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். “சியாம்,” என்றார். சயாம் தேசம். பிறகு, நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில், “ஊத்தான். பூவாட் ஜாலான் கெரெத்தாப்பி.” காடு. ரயில் பாதை போடுகிற வேலை.

“முன்னாடி போனவங்க வந்துட்டாங்களா?”

“பெலும்.” இன்னும் இல்லை. தலையையும் ஒரு முறை ஆட்டினார். “சத்து பூன் பெலும்.” ஒருத்தர்கூட.

அவ்வளவுதான் அவர் பேசியது. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம்கூட ஆகவில்லை. அதில் ஊர் இருந்தது, வேலை இருந்தது, போனால் என்ன ஆகும் என்பதும் இருந்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட பேச்சிலேயே அழகானது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

லோரியின் பின்பக்கம் வந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: “சயாமாம். காட்டுல ரயில் போடவாம். முன்ன போனவங்க ஒருத்தரும் திரும்பலயாம்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக எழுந்து, “வெத்தலப் பையை வுட்டுட்டு வந்துட்டேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். லயத்துப் பக்கம் நடந்தார். நடை வேகமாகி, கடைசி வீட்டைத் தாண்டி, மரங்களுக்குள் மறைந்தார். இன்னும் ஒருவர் இறங்கினார். அவர் சாக்கே தேடவில்லை, குதித்து ஓடினார்.

“தம்பி, நீங்களும் எறங்குங்க,” என்றேன்.

கொழுந்தனுக்குக் கோபம். எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவன்போல் பேசினான். “அண்ணி, சும்மா இருக்க மாட்டீங்களா? துன்னூறு பூசி ஏறுன வண்டிய வுட்டு எறங்குனா நல்லாவா இருக்கும்? அவ்ளோ படிச்சவரு பொய்யா சொல்லுவாரு?”

“அவரு ஒண்ணுமே சொல்லல தம்பி. அதத்தான் சொல்றேன். யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுமே சொல்லல.”

“உங்களுக்குப் புரியல அண்ணி,” என்றான், கொஞ்சம் இரக்கத்தோடு. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது நான் தப்பாக எழுதினால் இப்படித்தான் சொல்வான்.

மற்றவர்களும் இறங்கவில்லை. விபூதி பூசியாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று, ஏறியாயிற்று. சகுனம் கெட்டுவிடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தார்கள். சிப்பாய் கண் விழித்து, பின்னால் எட்டிப் பார்த்து, கிராணியிடம் ஆள் சரியா என்பதுபோல் அதட்டலாகக் கேட்டான். ஆள் குறைகிறது என்று சொன்னால் கன்னத்தில் விழும் என்று கிராணிக்குத் தெரியும். “ஹாய்,” என்றார். ஜப்பான் பேச்சில் ‘ஆமாம்’. இன்னொரு தடவை குனிந்து, “ஹாய்.” உதயசூரியனும் இல்லை, ஆசியத் தாயும் இல்லை. தன் கன்னம் என்று வந்தால் அவருக்கும் சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தது.

லோரி போய்விட்டது.

வீட்டுக்காரர் பிறகு மலையடிக் காட்டில் மரவள்ளி போட்டுக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தார். நான் விறகு பொறுக்கப் போகிற சாக்கில் உப்பும் தீப்பெட்டியும் கொண்டுபோய் வைப்பேன். கிராணி காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தால் அன்றைக்கு “ஹாய்” சொன்னது அவர் கழுத்துக்கே வரும். ஆனால் என் மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். “அவ நாக்குதான் எம்புள்ளைய வழி மறிச்சது. கருநாக்கு,” என்று லயம் பூராவும் சொன்னார். லயமும் நம்பியது. தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று சத்தமாகச் சொல்வாள்: “எங்கூடப் பேசுடி. எனக்கென்ன புருசனா இருக்கான், நீ கேட்டு கெட்டுப் போறதுக்கு?” அந்தக் கிராணிக்கோ பெரட்டில் கைதட்டு குறையவே இல்லை. எங்கே என்பதை மறைத்தவருக்கு வணக்கம், எங்கே என்று கேட்டவளுக்குக் காறித் துப்பல். அந்த ஊரிலேயே எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான். அதுவரை கிராணி ஒருவர்மேல் மட்டும் இருந்தது.

இப்போது கோயில் மலருக்கு எழுதுங்கள், சங்க விழாவுக்கு எழுதுங்கள் என்று என்னிடம் வருகிறார்கள். எப்படி நன்றாக எழுதுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்கிறார்கள். எனக்கு இலக்கணம் தெரியாது. ஒன்றை எழுதிவிட்டால், அதை லோரியில் ஏறி நிற்கிற ஒருவனுக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்வேன். அவன் இறங்குவதா இருப்பதா என்று முடிவு செய்ய அதில் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் கிழித்துப் போடுவேன். அழகாக இருக்கிறதே என்று பாவம் பார்ப்பதில்லை. அழகான வாக்கியத்தைக் கண்டாலே இப்போதும் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். வீட்டில் பேசுவதும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மகன் “பரவால்லம்மா” என்றால் விடமாட்டேன். “டாக்டர் என்ன சொன்னாரு? அத அப்படியே சொல்லு.” பிள்ளைகளுக்கு எரிச்சல்தான்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரத் துரை இன்னும் வந்து சேராத நாட்களில், அந்த லோரியில் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். காலெல்லாம் புண். கோலாலம்பூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து யார் யாரோ வண்டியில் தொற்றி வந்தாராம். ஆபீஸ் வழியில் இருந்ததால் முதலில் கிராணி கையில் அகப்பட்டுக்கொண்டார். கிராணி அவரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மாமியார் வெளியே வந்தார். லயமே பின்னால் நின்றது. என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்துவிட்டிருந்த நேரம். அவரும் கதவோரம் நின்றார்.

கிராணி தொண்டையைச் செருமினார். “தாயே! மாலைக் கதிரவன் மேற்கிலே சாய்ந்தாலும் அவன் ஒளி மறைவதில்லை. வீரத் திருமகனைப் பெற்ற வயிறு...”

மாமியார் கையை மோவாயில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தலையாட்டினார். மகனைப் புகழ்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கிராணி மூச்சு விட்ட இடைவெளியில் மாமியார் கேட்டார்: “எப்பங்க ஐயா வரான்?”

கிராணி நிறுத்தவில்லை. “காலம் என்னும் கல்வெட்டிலே...”

“அத்தை,” என்றேன். எத்தனையோ நாள் கழித்து அவரைக் கூப்பிட்டேன். “தம்பி செத்துப் போச்சு.”

மாமியார் என்னை அடித்தார். இந்தத் தடவை வாயில் இல்லை. கன்னம், தோள் என்று கை பட்ட இடமெல்லாம். நான் நகரவில்லை. கை ஓய்ந்ததும் அவர் திரும்பி, புண்காலோடு நின்றவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லுங்கண்ணே,” என்றேன். “சுத்தி வளைக்காம சொல்லுங்க.”

அவர் சொன்னார்: மழைக்காலம். பேதி கண்டது. இரண்டு நாள் கிடந்தான். தண்ணீர் கேட்டான், நான்தான் கொடுத்தேன். விடியும்போது போய்விட்டான். ஆற்றோரமாக வைத்து எரித்தோம், தனியாக இல்லை, கூட வேறு பேரும் இருந்தார்கள்.

“நீதான் தண்ணி குடுத்தியா?” என்று மாமியார் கேட்டார்.

“நான்தான்மா குடுத்தேன்.”

“குடிச்சானா?”

“குடிச்சான்.”

மாமியார் அப்படியே வாசலில் உட்கார்ந்தார். கிராணி ஓரடி முன்னால் வந்து, “தாயே...” என்று மறுபடி எடுத்தார்.

“ஐயா, நீங்க போங்க,” என்றார் மாமியார்.

கிராணி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். மிச்சப் பேச்சு அவர் வாயிலேயே இருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆபீஸ் பக்கம் நடந்து போனார். மாமியார் கால்புண்காரரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றார். “மொதல்லேந்து.”